அத்தை சிரித்த ஒரே படம்

புதுச்சேரியை அடுத்த குயிலாப்பாளையத்தில் என் அத்தை மகள் வீட்டுக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும் முதலில் பார்ப்பது அந்தப் படத்தைத்தான். கூடத்துச் சுவரில், மாதா படத்துக்குப் பக்கத்தில், பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். அவளுடைய கல்யாணப் படம். நடுவில் மணமக்கள். மணப்பெண்ணின் தோளை ஒட்டி அத்தை, மஞ்சள் பட்டுப்புடவையில், புருவம் இரண்டும் மேலே ஏற, பல் வரிசை முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். வருகிறவர்கள் எல்லோரும் மணமக்களை விட்டுவிட்டு அவளைத்தான் பார்ப்பார்கள். "அம்மா மூஞ்சியப் பாரேன், எவ்ளோ சந்தோஷம்!" என்பார்கள். அத்தை மகளின் புருஷன் வேலை பார்க்கும் கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண், சாப்பிட வந்த இடத்தில் அந்தச் சிரிப்பை மட்டும் தன் போனில் படம் பிடித்துக்கொண்டு போனாளாம். அத்தை அந்த வீட்டுக்கு வந்தால் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். நானும் அப்படித்தான்.

படமெடுப்பதே அத்தைக்கு ஆகாது. ரேஷன் கார்டுக்கு எடுத்தது, ஆதாருக்கு எடுத்தது, அவள் கல்யாணத்துக்கே எடுத்தது என்று எதைப் பார்த்தாலும், தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பாள். "கேமராவப் பாத்துப் பல்லக் காட்டுனா கண்ணு பட்டுடும்" என்பது அவள் கட்சி. நேரில் கதையே வேறு. மரக்காணத்து உப்பளத்தில் அவள் ஒரு பாத்தியில் நின்று சிரித்தால் நாலு பாத்தி தள்ளி வரப்பில் போகிற ஆள் திரும்பிப் பார்ப்பான். கூட வேலை செய்கிற பெண்கள் ‘சவுண்டு பார்ட்டி’ என்று கூப்பிடுவார்கள். என் அப்பாவின் தங்கை. மாமா நெஞ்சு வலியில் போனபோது மகள் மூன்றாவதோ நாலாவதோ படித்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் தை பிறந்ததிலிருந்து மழை இறங்கும்வரை பாத்தியில் நின்று, மரப்பலகையால் உப்பை இழுத்துக் குவித்து, கூடையில் தூக்கி வரப்பில் கொட்டித்தான் அவளை வளர்த்தாள். மாப்பிள்ளை விஷயத்தில் அவளுக்கு இருந்த ஒரே நிபந்தனை, அவன் உப்பில் கால் வைக்காதவனாக இருக்க வேண்டும் என்பது. அப்படி ஒருவன் கிடைத்தான். கல்யாணம் நிச்சயமானது. அந்தக் கல்யாணத்தைப் பார்க்கத்தான் தான் இத்தனை வருஷம் உயிரோடு இருப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது அது நடந்தது. உப்பளத்து ஓரத்தில் பழைய மோட்டார் கொட்டகையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மாடு கட்டுகிற இடம் அது. சாணி மிதிபட்ட மண்ணில் பலகைகள் கிடந்தன. அத்தை கூடையோடு நடந்து போகையில் ஒரு பலகையில் துருத்திக்கொண்டிருந்த ஆணி குதிகாலில் இறங்கிவிட்டது. பெரிய காயமில்லை. மேலே பார்த்தால் ஒரு புள்ளி. ஆனால் ஆழம். உப்பளத்துக்காரர்கள் எல்லோரும் செய்கிறதை அவளும் செய்தாள். பாத்தியில் இருந்த உப்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவி, ஒரு கல் உப்பை நுணுக்கிக் காயத்தில் அடைத்து, பழைய புடவைக் கிழிசலால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வலிக்குப் பல்லைக் கடித்தபடி கூடையைத் தூக்கிவிட்டாள். ஊசி போட்டுக்கொள் என்று என் அப்பா சொன்னபோது கிடைத்த பதில் அந்தக் கடற்கரை முழுக்க எல்லா வீட்டிலும் கிடைக்கிற பதில்தான்.

"மீனுக்கு உப்பப் போட்டு வெச்சா கெட்டுப் போவுதா? கருவாடு வருஷம் பூரா கெடக்குது. அப்புறம் உப்புலயே ஊறுன காலு மட்டும் எப்பிடிண்ணே கெட்டுப் போவும்? கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்குது, போ."

அந்த நியாயத்தில் ஓட்டையே தெரியாது. உப்பளத்தில் கால் வெடிக்கும், தோல் மரத்துப்போகும், ஆனால் சீழ் பிடித்து நான் பார்த்ததில்லை. அத்தையின் காயமும் இரண்டே நாளில் அழகாக மூடிக்கொண்டது. எல்லோரிடமும் காலைத் தூக்கிக் காட்டினாள். மூடிக்கொண்டதுதான் வினை என்று இப்போது எனக்குத் தெரியும். ஆணியோடு உள்ளே போன கிருமிக்குக் காற்று ஆகாது. மண்ணிலும் சாணியிலும் வித்துப்போல இறுகித் தூங்குகிற ஜாதி அது. உப்பு அதைக் கொல்லாது. மேல்தோல் மூடி, உள்ளே காற்றில்லாத ஓர் ஆழம் கிடைத்ததும் கண் விழிக்கும். சீழ் இல்லை, வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. அத்தை கல்யாணத்துக்கென்று வாங்கிய புதுச் செருப்பைப் போட்டு நடந்து பழகிக்கொண்டிருந்தாள். காலுக்குள் அது தன் வேலையைத் தொடங்கியிருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் தாடை வலிக்கிறது என்றாள். கடவாய்ப் பல் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். ஒருத்தி கிராம்பைக் கொடுத்தாள், அதை வைத்துக் கடிக்கக்கூட வாய் சரியாகத் திறக்கவில்லை. "பேசிப் பேசித் தேஞ்சு போச்சு, ஒரு நாளாச்சும் வாய மூடு" என்று அப்பா கிண்டல் செய்தார். காலையில் கோயிலில் பூசை நடந்தபோது அவள் பக்கத்தில் நான்தான் இருந்தேன். பாட்டுப் பாடவில்லை. கோயிலில் பாடகர் குழுவையே மூழ்கடிக்கிற குரல் அவளுடையது. தாலி கட்டி முடிந்ததும் திரும்பி அவளைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கையைப் பிடித்து அழுத்தினேன். உடம்பெல்லாம் விறைப்பாக, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிறவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

மண்டபத்தில் போட்டோக்காரர் வரிசையாக நிற்க வைத்தார். எங்கள் குடும்பத்துக்கு எல்லா விசேஷத்துக்கும் அவர்தான். அத்தையோடு அவருக்கு வருஷக் கணக்கில் சண்டை. வழக்கம்போல, நடக்காது என்று தெரிந்தே, "அம்மா, இன்னிக்காச்சும் கொஞ்சம் சிரிங்க" என்றார். கேமராவுக்குள் பார்த்தவர் கண்ணை எடுத்து ஒரு தரம் நேரிலும் பார்த்துக்கொண்டார். "சூப்பர்மா! அப்படியே இருங்க!" என்றார்.

அத்தை அப்படியே இருந்தாள். அவர் நாலைந்து படம் எடுத்தார். பிறகு மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து நிறுத்தினார், அவர்கள் போனார்கள், பந்தி போட்டார்கள், பந்தி முடிந்தது. அத்தை முகத்தில் அது போகவில்லை. சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்க முயன்றபோது புரையேறியது. பெண்ணை அனுப்பிவைக்கும் நேரம் வந்தது. மகள் காலில் விழுந்து அழுகிறாள். நாங்களெல்லாம் அழுகிறோம். அத்தை மட்டும் பல் தெரிய நின்றாள். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"பொண்ணு போவுதேன்னு ஒரு சொட்டுக் கண்ணீரு இல்ல. பல்லக் காட்டிக்கினு நிக்கிறாளே, என்னா ஜென்மம்டி இது!"

"பாரம் எறங்குச்சுல்ல. அதான்."

அப்போது மாப்பிள்ளையின் கூட்டாளிகள் காருக்கு முன்னால் சரவெடியைக் கொளுத்தினார்கள். முதல் வெடி வெடித்ததும் அத்தையின் முதுகு பின்பக்கமாக வளைந்தது. தலை பின்னால் போய், குதிகால் தரையில் ஊன்ற, நெஞ்சு வானத்தைப் பார்க்க, அப்படியே சாய்ந்தாள். யாரோ தாங்கிப் பிடித்தார்கள். தொட்டதும் இன்னும் வளைந்தாள். "வலிப்பு, வலிப்பு, இரும்பு குடு" என்று கத்திக்கொண்டு மண்டபத்துச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார்கள். சரம் இன்னும் வெடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. வலிப்பில் நினைவு தப்பும். அவளுக்குத் தப்பவில்லை. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பின் மேல் இரண்டு பக்கமும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் பார்த்ததிலேயே பயங்கரமான முகம் அதுதான்.

மணப்பெண்ணுக்கென்று பூ அலங்காரம் செய்து நிறுத்தியிருந்த காரில்தான் அத்தையைப் படுக்கவைத்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். மகள் பட்டுப்புடவையும் மாலையுமாக அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வழியில் போகிற வண்டிக்காரர்கள் பூவைப் பார்த்துவிட்டுக் கைகாட்டி வாழ்த்தினார்கள். சிலர் ஹாரன் அடித்து வாழ்த்தினார்கள். ஹாரன் அடிக்கும்போதெல்லாம் அத்தை வில்லாக வளைந்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மாவுக்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் அதிகம் இருக்கும். அத்தை முகத்தை ஒரு தரம் பார்த்தார். வேறு எதையும் கேட்காமல், "சமீபத்துல எங்கயாச்சும் ஏதாச்சும் குத்துச்சா?" என்றார். நான் காலைக் காட்டினேன். புள்ளி இருந்த இடம்கூடச் சரியாகத் தெரியவில்லை. தடவித் தேடித்தான் கண்டுபிடித்தார். அதன் பிறகு அவர் பேசியதெல்லாம் கிசுகிசுப்பாகத்தான். ரணஜன்னி, டெட்டனஸ் என்றார். விஷத்தை முறிக்கிற மருந்து போடுவோம், ஆனால் நரம்புக்குள் ஏற்கெனவே போய்விட்டதை எந்த மருந்தும் தொடாது என்றார். பிழைப்பாளா என்று அப்பா கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை.

"நம்ம உடம்புக்கு ரெண்டு உத்தரவு இருக்குதுங்க. ‘இழு’ன்னு ஒண்ணு, ‘விடு’ன்னு ஒண்ணு. ரெண்டும் மாறி மாறிப் போனாத்தான் கை காலு ஆடும், வாய் தொறக்கும். இவங்களுக்கு ‘விடு’ போக மாட்டேங்குது. இழுவை மட்டும் நிக்காமப் போகுது. சத்தம், வெளிச்சம், தொடுறது, எது பட்டாலும் இழுக்கும். மூச்சு விடுற தசையும் இழுத்துப் புடிச்சிடுச்சுன்னா அவ்ளோதான். அதனால சத்தமே இருக்கக் கூடாது."

அத்தையைக் கடைசி அறையில் போட்டார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, பகலிலேயே இருட்டாக்கியிருந்தார்கள். நான் அப்போது பட்டப்படிப்பு முடித்து, அடுத்தது என்னவென்று தெரியாமல் வீட்டில் சும்மா இருந்தேன். அதனால் வாசலைக் காக்கும் வேலை எனக்கு வந்தது. கொலுசைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அத்தை மகளுக்குக் கை நிறையக் கண்ணாடி வளையல். கழற்றச் சொன்னார் நர்ஸ். கூட இருந்த சொந்தக்காரர்கள் பதறிப்போனார்கள். புதுப்பெண் வளையலைக் கழற்றினால் புருஷனுக்கு ஆகாது. சத்தம் கேட்டால் அம்மாவுக்கு ஆகாது. அவள் நர்ஸிடம் கட்டுத் துணி வாங்கி, இரண்டு கையிலும் வளையல்களைச் சேர்த்து இறுக்கிச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். முழங்கைவரை அடிபட்டவள் மாதிரி இருந்தாள். ஊரிலேயே சத்தமான பெண் கிடக்கிற அறையில் மூச்சுச் சத்தத்துக்குப் பயந்துகொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

ஒரு மத்தியானம் நடைபாதையில் யாரோ டிபன் கேரியர் மூடியைக் கீழே போட்டுவிட்டார்கள். சிமெண்டுத் தரையில் அது சுற்றிச் சுற்றி அடங்குவதற்குள் அத்தை வளைந்துவிட்டாள். இந்தத் தடவை உடம்பு இறங்கவே இல்லை. நெஞ்சு அசையவில்லை. சிரித்த உதடு நீலமாக மாறுவது அந்த இருட்டிலும் தெரிந்தது. டாக்டரம்மா ஓடி வந்தார். அதன் பிறகு கதவைச் சாத்திவிட்டார்கள். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, மெஷினில் இணைத்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். கதவு திறக்கும்வரை அத்தை மகள் துணி சுற்றிய இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, "சத்தம் போடாதீங்க, சத்தம் போடாதீங்க" என்று சத்தம் போடாமலே இருக்கிற எல்லோரையும் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். எனக்கு அன்றைக்கு ஜெபம்கூட வரவில்லை.

டாக்டரம்மா சொன்ன அந்த ‘விடு’ எங்கே தொலைந்தது என்று தேடிக்கொண்டுதான் நான் மேலே படித்தேன். இப்போது நர்சிங் பிள்ளைகளுக்கு அதைத்தான் நடத்துகிறேன். ஒரு நரம்பு செல்லின் முனை அடுத்த செல்லைத் தொடுவதில்லை, நடுவில் மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய ஓர் இடைவெளி. சொல்ல வேண்டிய செய்தி ரசாயனமாகச் சின்னஞ்சிறு பைகளில் அடைபட்டு முனையின் உள்பக்கம் காத்திருக்கிறது. செய்தி வெளியே கொட்ட வேண்டுமானால் பையின் தோலும் செல்லின் தோலும் கலந்து ஒன்றாக வேண்டும். இரண்டும் தாமாகச் சேராது. சேர்த்துவைப்பவை புரதங்கள். பையில் நட்டு நிற்பது சினாப்டோபிரெவின். செல்லின் தோலில் காத்திருப்பவை சின்டாக்சின், ஸ்னாப்-25 என்று இரண்டு. பை நெருங்கி வந்ததும் இந்த மூன்றும் ஒன்றையொன்று பற்றி முறுக்கிக்கொள்ளத் தொடங்குகின்றன. இரண்டு உப்பு மூட்டையின் வாயை ஒரே கயிற்றால் கட்டி முறுக்கினால், முறுக்கு ஏற ஏற இரண்டும் இழுபட்டு ஒட்டிக்கொள்ளுமே, அதுபோலப் பை சுவரை நோக்கி இழுபடும். கடைசி முறுக்குக்கு மட்டும் பொறுத்திருக்கும். நரம்புத் துடிப்பு வந்து கால்சியம் உள்ளே பாய்ந்ததும், சினாப்டோடாக்மின் என்கிற இன்னொரு புரதம் அதை உணர்ந்து தடையை விலக்கும். கடைசி முறுக்கு விழும், தோல்கள் கலந்து வழி திறக்கும், செய்தி கொட்டும். இதற்கெல்லாம் கண்ணிமைக்கிற நேரம்கூட ஆகாது.

ஆணிக் காயத்தில் விழித்த கிருமி செய்த விஷம் ஒரு கத்தரிக்கோல், அவ்வளவுதான். ரத்தத்தில் கலந்து, தசையில் வந்து முடிகிற நரம்பு முனைகளில் நுழைந்து, நரம்பின் வழியாகவே மேலே ஏறும். குட்டையான நரம்பில் போனது முதலில் போய்ச் சேரும். தாடைக்கும் முகத்துக்கும் போகிற நரம்புதான் குட்டை. அதனால்தான் ஆணி ஏறியது காலில் என்றாலும் அது முதலில் எட்டிப் பார்த்தது முகத்தில். மேலே போனதும் ‘இழு’ என்கிற செல்லில் அது தங்குவதில்லை. பக்கத்தில் இருக்கிற ‘விடு’ என்கிற செல்லுக்குள் தாவி, அங்கே பையில் நட்டிருக்கும் சினாப்டோபிரெவினை ஒரே இடத்தில் வெட்டும். வேறு எதையும் தொடாது. பை இருக்கிறது, பைக்குள் ‘விடு’ என்ற செய்தி இருக்கிறது, கால்சியமும் வருகிறது. முறுக்க வேண்டிய இழை அறுந்து கிடக்கிறது. அந்த ஒரு இழைக்காகத்தான் ஒரு தாய் மகள் கல்யாணத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு விஷத்தைத்தான் முகச் சுருக்கம் போக்க ஊசியாகப் போடுகிறார்கள் என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்த விஷம் ‘இழு’ என்கிற பக்கத்தை வெட்டும், முகம் தளர்ந்து வழவழப்பாகும். எனக்கு வகுப்பில் அந்த இடத்தில் சிரிப்பு வந்ததில்லை.

அறுந்த இழையை ஒட்டவைக்க மருந்து கிடையாது. செல் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும், முனைகள் புதிதாகத் துளிர்க்க வேண்டும். அதுவரை மூச்சை மெஷின் பார்த்துக்கொள்ள வேண்டும், காத்திருக்க வேண்டும். வாரக் கணக்கில் காத்திருந்தோம். ஒரு காலையில் அத்தையின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு இறங்கியிருந்தது. உதடு மூடி, கன்னம் ஒட்டி, கிழவியாகிப்போய்க் கிடந்தாள். டாக்டரம்மா அவள் பல்லுக்கு நடுவில் விரல்களை நிறுத்தி, வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்த்தார். அவள் சிரிப்பு போனதைப் பார்த்துச் சந்தோஷத்தில் நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம். குழாயை எடுத்த பிறகு, கரகரத்த குரலில் அவள் பேசிய முதல் பேச்சுகளில் ஒன்று, "எல்லாமே கேட்டுச்சு பாப்பா. பல்லக் காட்டுறான்னு சொன்னாளுங்களே, அதுவும் கேட்டுச்சு" என்பது.

அத்தை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே போட்டோக்காரர் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டார். பாவம், அந்தச் சிரிப்புதான் சீக்கு என்று அவருக்குத் தெரியாது. அத்தை மகள் அதை வாங்கிப் பத்திரமாக வைத்திருந்து, குடித்தனம் போனதும் மாட்டிவிட்டாள். "தெரிஞ்சும் எப்படி மாட்ட மனசு வந்துது?" என்று ஒரு தடவை கேட்டேன். "அன்னிக்கு அவங்க சந்தோஷமாத்தானே இருந்தாங்க? சீக்கும் சந்தோஷமும் ஒரே நேரத்துல மூஞ்சிக்கு வந்திருக்கக் கூடாதா? அதுல கொஞ்சமாச்சும் எங்கம்மா சிரிச்சிருப்பாங்கல்ல?" என்றாள். இரண்டும் ஒரே தசைதான். எது எவ்வளவு என்று என் பாடத்தால் பிரித்துச் சொல்ல முடியாது.

எனக்கும் அத்தைக்கும் சண்டை வந்தது வேறு விஷயத்தில். ஆஸ்பத்திரியை விட்டு அனுப்பும்போது ஒரு தடுப்பூசி போட்டு, இன்னும் இரண்டு போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அத்தை போகவே இல்லை. உடம்பு தேறியதும் மறுபடி உப்பளத்துக்குப் போய்விட்டாள், வெறுங்காலோடு. "அம்மை வந்து எறங்குனவங்களுக்குத் திரும்ப வருதா? வந்துட்டுப் போயிடுச்சு, விடு" என்பாள். அம்மை அப்படி, இது அப்படியில்லை. ஆளைக் கொல்வதற்கு இந்த விஷம் துளியினும் துளி போதும். அவ்வளவு கொஞ்சத்தைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ள உடம்பால் முடியாது. அத்தையின் உடம்பு அதோடு அத்தனை வாரம் போராடியும் அது யாரென்று தெரிந்துகொள்ளவில்லை. ஊசி போட்டால்தான் தெரிந்துகொள்ளும். இதை எத்தனை விதமாகச் சொல்லியிருப்பேன்! கடைசியில் கோபம் வந்து, "ஒரு தடவ புகுந்த திருடன் வழி தெரிஞ்சுக்கினுதான் போயிருக்கான் அத்த" என்றேன். "திருடறதுக்கு என்கிட்ட இன்னும் என்னாடி இருக்குது?" என்று சொல்லி, அந்த உடைந்த குரலில் சிரித்தாள். அவள் சிரிக்கும்போதெல்லாம் அது அடங்குகிறதா என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கொஞ்சம் நீண்டுவிட்டால் எதையாவது கேட்டு அவளைப் பேசவைத்துவிடுவேன்.

போன மாதம் அத்தையின் பேத்திக்கு ஐந்து வயது முடிந்தது. குயிலாப்பாளையத்தில் கேக் வெட்டினார்கள். பலூன் ஒன்று வெடித்தபோது நானும் அத்தையும் மட்டும் திடுக்கிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கையில், குழந்தை அந்தப் படத்துக்கு நேர் கீழே போய் நின்றாள். இரண்டு விரலை வாயின் இரு ஓரத்திலும் மாட்டிக் காதுவரை இழுத்தாள். புருவத்தை மேலே ஏற்றினாள். கழுத்தை விறைத்துக்கொண்டு, பல்லிடுக்கால், "இங்க பாருங்க, நான் ஆயா மாதிரி சிரிக்கிறேன்" என்றாள்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போனை எடுத்தார்கள். "அச்சு அசலா அப்பிடியே இருக்குதே, அப்படியே நில்லு செல்லம்" என்று யாரோ சொன்னார்கள். குழந்தைக்கு அந்த முகத்தில் எதுவும் தவறவில்லை. தினமும் பார்த்து வளர்ந்தவள். சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அத்தை திரும்பினாள். படத்தையும் குழந்தையையும் சேர்ந்தாற்போலப் பார்த்தாள். எழுந்து போய்க் குழந்தையின் கையை முகத்திலிருந்து பிடுங்கி, "வாயத் தொற. தொறடி!" என்றாள். குழந்தை பயந்துபோய் ஆவென்று திறந்தது. அத்தை உள்ளே விரல்களை நிறுத்தி வைத்துப் பார்த்தாள், டாக்டரம்மா அவளுக்குப் பார்த்த அதே மாதிரி. நன்றாகவே திறந்திருந்தது. குழந்தை வீறிட்டு அழத் தொடங்கியதும் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. அத்தை மகள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, படத்தைக் கழற்றக் கையை உயர்த்தினாள். அழுதுகொண்டிருந்தாள்.

"எடுக்காத" என்றாள் அத்தை.

"வேணாம்மா. இத்தினி வருஷமா உன் மூஞ்சின்னு வெச்சுக்கினு இருந்தேன்."

"அது நான் இல்ல. அது வந்து என் மூஞ்சில குந்திக்கினு சிரிச்சுது. இருக்கட்டும். போலீஸ் ஸ்டேஷன்ல திருடன் போட்டோ மாட்டி வெக்கிறாங்கல்ல, அந்த மாதிரி இருக்கட்டும். நாளைக்கு யாரு மூஞ்சிலயாச்சும் வந்துச்சுன்னா, சந்தோஷமா இருக்காங்கன்னு யாரும் சும்மா வுட்டுறக் கூடாது." பிறகு குழந்தையின் கண்ணைத் துடைத்துவிட்டு, "இவளுக்கு ஊசியெல்லாம் போட்டாச்சா?" என்று கேட்டாள்.

"அஞ்சு வயசு ஊசி மட்டும் பாக்கி."

"நாளைக்குக் காலைல போவோம். எனக்கும் சேத்துப் போடச் சொல்லணும்." என்னைப் பார்த்தாள். "நீயும் வா பாப்பா. எனக்கு ஊசின்னா பயம்."

இத்தனை வருஷமும் அந்த ஒரு காரணத்தைத்தான் அவள் எங்களிடம் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மறுநாள் போனோம். நர்ஸ் ஊசியை எடுத்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பேத்தி அழவே இல்லை.

ஆனால் நினைவில் நிற்பது அதற்கு முந்தின சாயங்காலம்தான். வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு அத்தை தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதல் தடவையாக அந்தப் படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். குழந்தை மடியில் தூங்கிப்போயிருந்தாள். அத்தை வாயை மெதுவாக, முழுக்கத் திறந்து பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். எதிரே சுவரில், போட்டோக்காரர் சொல்லிவிட்டுப் போனபடி, அது அப்படியே இருந்தது.